ஆற்றில் ஒரு வாரம் ஊறும் ஜெல்

ஆற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், பிடித்த அந்த நிமிடத்தின் நிலவரம் மட்டும்தான் கிடைக்கும். ராத்திரி திறந்துவிட்ட ஆலைக் கழிவு விடிவதற்குள் ஓடிப்போயிருந்தால், காலை பத்து மணிக்குப் பிடித்த பாட்டிலில் அதன் சுவடே இருக்காது. போதாக்குறைக்கு, காட்மியம் போன்ற உலோகங்கள் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே இருப்பதுண்டு. அந்த அளவில், பாட்டிலில் ஒட்டியிருக்கும் தூசிகூடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

இதற்கு ஒரு நல்ல வழியை 1994-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டேவிசனும் ஹாவ் ஜாங்கும் வெளியிட்டார்கள். டிஜிடி (DGT) என்று அதற்குப் பெயர்; 'மெல்லிய படலங்களில் விரவல் சரிவு' என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வில்லை. நடுவில் 2 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டத் திறப்பு. திறப்பில் மெல்லிய வடிதாள், அதன் பின்னால் 0.8 மில்லிமீட்டர் தடிமனில் தெளிவான ஜெல், அதற்கும் பின்னால் பிசின் மணிகள் பதித்த இன்னொரு ஜெல். மின்சாரம் வேண்டாம், பம்பு வேண்டாம். நைலான் கயிற்றில் கட்டி நீரில் தொங்கவிட்டால் போதும்.

பிசின் மணிகள் தம்மை வந்தடையும் உலோக அயனியை உடனே பிடித்துக்கொள்ளும். அதனால் ஜெல்லின் உள்முனையில் செறிவு எப்போதும் பூஜ்யம். வெளிமுனையில் ஆற்றின் செறிவு. இந்த வித்தியாசம்தான் அயனிகளை உள்ளே இழுக்கிறது. ஆறு வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும், ஜெல்லைக் கடக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது ஜெல்தான். இந்த முறையின் அழகே இங்கேதான் இருக்கிறது என்பேன். தடிமன், திறப்பின் பரப்பு, ஜெல்லுக்குள் அயனி விரவும் வேகம், மூழ்கியிருந்த நேரம் ஆகியவை தெரிந்தால், பிசினில் சேர்ந்த அளவிலிருந்து ஆற்றின் சராசரிச் செறிவைக் கணக்கிட்டுவிடலாம்.

லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் காட்மியம் உள்ள நீரில், 25 டிகிரி வெப்பத்தில், ஒரு வில்லை நாளொன்றுக்குச் சுமார் 17.5 நானோகிராமைச் சேர்க்கும். ஒரு வாரத்தில் 120-க்கு மேல். பிசினை 1 மில்லிலிட்டர் நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால், ஆற்றில் இருந்ததைவிட ஏறக்குறைய நூறு மடங்கு செறிந்த கரைசல் கைக்கு வரும். கருவிக்கு அளப்பது சுலபமாகிவிடுகிறது. நள்ளிரவுக் கழிவும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடும்; ஆனால் எந்த இரவு வந்தது என்று வில்லை சொல்லாது.

எல்லா உலோகமும் உள்ளே போவதில்லை. மண்துகளில் ஒட்டியதை வடிதாள் தடுத்துவிடும். மட்கிய இலைதழையிலிருந்து வரும் ஹியூமிக் பொருட்களோடு இறுகப் பிணைந்தது பிசினுக்குக் கைமாறாது. தனி அயனிகளும் தளர்வாகப் பிணைந்தவையும்தான் சிக்கும். மீனின் செவுளுக்குள்ளும் பாசிக்குள்ளும் பெரும்பாலும் புகுவது இவைதான் என்பதால், மொத்த அளவைவிட இந்த எண் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கவனம் தேவைப்படும் இடங்களும் உண்டு. குளிர்ந்த நீரில் விரவல் குறையும்: காட்மியத்துக்கு 5 டிகிரியில் 25 டிகிரியின் பாதியைவிடச் சற்றே அதிகம். ஆகவே நீரின் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிய வேண்டும். வாரக்கணக்கில் விட்டால் வடிதாள்மேல் பாசி படரும். அசையாத குளத்திலோ வில்லையை ஒட்டி நீரே ஒரு மெல்லிய படலமாகத் தேங்கி, ஜெல்லின் தடிமனோடு தானும் சேர்ந்துகொள்ளும். அப்போது வெவ்வேறு தடிமன் ஜெல் கொண்ட வில்லைகளை அருகருகே தொங்கவிடுகிறார்கள். அவற்றில் சேர்ந்த அளவுகளை ஒப்பிட்டால், அந்தப் படலத்தின் தடிமனையும் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்துவிடலாம்.