கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது

கத்திரி வெயில், மதியம் 2 மணி இருக்கும். எங்கள் வீட்டுச் சாம்பல் நிறப் பெட்டை மாட்டுத்தொட்டி ஓரமாகப் படுத்துவிட்டது. வாய் பிளந்திருந்தது. இறக்கை இரண்டும் உடம்பை விட்டு விலகித் தொங்கின. தொண்டைத் தோல் படபடவென்று துடித்தபடியே இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து, "வெயில் தாக்கிருச்சு, பஞ்சாரத்துல போட்டு ஈரச்சாக்கைப் போத்துப்பா" என்றார். அப்படியே செய்தேன். கால் மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கினேன். உள்ளே இருந்த புழுக்கம் முகத்தில் அடித்தது. கோழிக்கு முன்னைவிட அதிகமாக இரைத்தது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நமக்கென்றால் அது கடும் காய்ச்சல். காற்று ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும்வரை கொண்டை, தாடி, கால் என்று இறகில்லாத இடங்களுக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்பிச் சூட்டை வெளியேற்றிவிடும். இறக்கையை விலக்கிப் பிடிப்பதும் இதற்குத்தான். அதன் அடியில் இறகு குறைவு. வெளிக்காற்றின் சூடு உடம்புச் சூட்டை நெருங்கிவிட்டால் இந்த வழி அடைபட்டுப் போகும். அப்புறம் மிஞ்சுவது மூச்சு ஒன்றுதான். நிமிடத்துக்கு முப்பது தடவைபோல மூச்சு விடுகிற கோழி 200ஐத் தாண்டி இரைக்கத் தொடங்கும். வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கூடவே கொண்டுபோகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானை சரியாகக் குளிராது. நான் பஞ்சாரத்துக்குள் உண்டாக்கியது அதைத்தான். கோழி எவ்வளவு இரைத்தும் ஈரம் ஆவியாக இடமில்லை. கடலோர ஊர்களில் வெப்பமானி குறைவாகக் காட்டுகிற நாளிலும் கோழிகள் துவண்டுபோவது இதனால்தான். அத்தை சொன்னதில் தப்பில்லை. சாக்கைக் காற்று வரும் பக்கம் மட்டும் தொங்கவிட்டிருந்தால் உதவியிருக்கும். சுற்றிப் போர்த்தியது என் தவறு.

கோழியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். ஒரு அகலச் சட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி அதன் கால்களை நனைய விட்டேன். இறக்கையடியை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு விசிறினேன். பனிக்கட்டித் தண்ணீரில் முக்கவே கூடாது. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்சூடு வெளியேற வழியில்லாமல் போகும். துவண்ட கோழி அந்த அதிர்ச்சியையும் தாங்காது. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேராக அதற்குள் இறங்கிவிடும். அலகு நுனியைத் தண்ணீரில் தொட்டு எடுத்தால் தானாகவே குடிக்கும். எங்கள் பெட்டை மூன்றாவது தடவை தொட்டபோதுதான் தலையை நிமிர்த்தி விழுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

இரைப்பதற்குக் கோழி கொடுக்கும் விலை கொஞ்சமில்லை. மூச்சோடு கரியமில வாயுவும் அளவுக்கு மேல் போய்விடுவதால் ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. எச்சத்தோடு உப்புச் சத்துகளும் வெளியேறுகின்றன. அதனால்தான் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச்சத்துப் பொடியை, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுப்படி, தண்ணீரில் கலந்து வைக்கச் சொல்கிறார்கள். தீனி விஷயத்திலும் கவனம் வேண்டும். தின்றது செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாகும். காலை 10 மணிக்குப் போடும் கம்பும் குருணையும் செரிகிற நேரமும் உச்சி வெயிலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். விடிந்ததும் கொஞ்சம், வெயில் தாழ்ந்ததும் மிச்சம் என்று போடுவது நல்லது.

எல்லாத் துவளலும் வெயிலால் வருவதல்ல. வெறும் வெயில் தாக்கம் என்றால் நிழலும் காற்றும் தண்ணீரும் கிடைத்ததும் கோழி தெளியத் தொடங்கும். விடியற்காலைக் குளிர்ச்சியிலும் கண்ணை மூடித் தூங்கி விழுந்தால், பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், கழுத்து திருகிக்கொண்டால், வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகப்பட வேண்டும். ராணிக்கெட் என்பதும் அதுதான். வைரஸால் வரும் அந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை, முன்கூட்டிப் போடும் தடுப்பூசிதான் காப்பு. அந்தக் கோழியை உடனே தனியாகப் பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கள் பெட்டை சாயங்காலமே எழுந்து நடந்தது. ஆனால் மறுநாள் இட்டது தோல்முட்டை. கையில் எடுத்தால் ஈரப் பலூன்போல அமுங்கியது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் கார்பனேட் சேர ரத்தத்தில் உள்ள கரியமில வாயு வேண்டும். முந்தின நாள் மதியம் முழுக்க அதைத்தான் மூச்சாக விட்டுத் தீர்த்திருந்தது. வெயிலில் வாடும் கோழிகளுக்கு, கரியமில வாயு அடைத்த சோடாத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து ஓடு கெட்டிப்படுவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் சோடா வாங்கவில்லை. கோழிக்கூட்டின் தகரக் கூரைமேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் போட்டேன். நாலாம் நாள் இட்ட முட்டையை விரலால் சுண்டினேன், டக்கென்று சத்தம் கேட்டது.