கூடவே வந்த சின்னப் பாக்கெட்

பெரம்பலூர் பக்கம் வேளாண் அலுவலராக இருந்த நாட்களில், விதைப்பு முடிந்த பருத்திக் காட்டு வரப்பில் பிரிக்காத சின்னப் பாக்கெட்டுகள் கிடக்கும். காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி பாக்டீரிய மரபணு சேர்த்ததுதான் பி.டி. விதை. அதில் 450 கிராமோடு வந்த, அந்த மரபணு இல்லாத 120 கிராம் சாதா விதை. "புழு திங்கிற விதைய எதுக்கு சார் போடணும்?" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. விற்ற கடைக்காரருக்கே பதில் தெரியாது.

பி.டி. செடியைத் தின்றும் சாகாத புழு எங்கோ ஒன்றிரண்டு இருக்கும். அவை தமக்குள்ளேயே இணைந்தால் அடுத்த தலைமுறைக்கும் பி.டி. ஏறாது. ஓரத்தில் ஐந்து வரிசை சாதாப் பருத்தி நின்றால், அதில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் வந்து கலக்கும். பிறக்கிற புழு பி.டி.க்கு மடியும். அமெரிக்கன் காய்ப்புழுவுக்காவது துவரை, தக்காளி என்று வேறு தீனி உண்டு. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் பருத்தியை விட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதன் சாதா வம்சம் பிழைத்திருக்க அந்த ஐந்து வரிசைதான் இடம்.

2002-ல் ஒற்றை மரபணு பி.டி. வந்தது, 2006-ல் இரட்டை மரபணு. முதலாவதை இளஞ்சிவப்புப் புழு தாங்கிவிட்டது என்பது 2010-ல் குஜராத்திலிருந்து வெளியே வந்தது. சில ஆண்டுகளில் இரண்டாவதும் போயிற்று. பழியை விவசாயி மேல் மட்டும் போட எனக்கு மனமில்லை. இங்கே பி.டி.யை வீரிய ஒட்டாகவே, அதாவது இரண்டு ரகத்தைக் கலந்து வருடாவருடம் புதிதாக வாங்க வேண்டிய விதையாகவே விற்றார்கள். ஒட்டுச் செடியின் ஒரே காய்க்குள் நஞ்சுள்ள விதையும் இல்லாத விதையும் கலந்திருக்கும். கம்பெனிக்கு வருடாவருடம் வியாபாரம். புழுவுக்கோ, இரண்டையும் மாற்றி மாற்றித் தின்று நஞ்சைத் தாங்கப் பழகும் பள்ளிக்கூடம்.

இப்போது சாதா விதையைப் பாக்கெட்டுக்குள்ளேயே கலந்து 475 கிராமாகத் தருகிறார்கள். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடியில் புழு தெரிந்ததும் 'போலி விதை' என்று கடைக்கு ஓடாதீர்கள். பூ விரியாமல் ரோஜா மொட்டுப் போலக் குவிந்திருக்கிறதா பாருங்கள். பிரித்தால் உள்ளே புழு இருக்கும். பெண் அந்தின் வாசனை காட்டி ஆண் அந்தைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் நாளுக்கு எட்டு அந்து வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால்தான் மருந்து.

களைக்கொல்லி அடித்தாலும் கருகாது என்று பில் இல்லாமல் கைமாறும் பருத்தி விதைக்கு நாட்டில் அனுமதியே கிடையாது. முளைக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? வாங்கிய விதையின் பில்லையும் காலிப் பாக்கெட்டையும் கடைசிப் பறிப்பு வரை பத்திரமாக வையுங்கள்.

பறிப்பு முடிந்ததும் பருத்தி மாரை, அதாவது காய்ந்த செடிகளை, விறகுக்கென்று வரப்பில் அடுக்குகிறோமே, அதில் ஒட்டியிருக்கும் சொத்தைக் காய்க்குள்தான் புழு அடுத்த விதைப்பு வரை தூங்குகிறது. அந்தப் பெரியவர் வீட்டுக் கொல்லையிலும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்.