விஷம் வைத்தவரைத் திட்டுவதற்கு முன்

மறுபடியும் ஒரு சிறுத்தைக்குப் பிரேதப் பரிசோதனை. வயிற்றில் மாட்டிறைச்சி, அதில் கலந்த குருணைப் பூச்சிமருந்து. அதே இறைச்சியைத் தின்ற பாறு கழுகுகளும் ஒரு நரியும் பக்கத்திலேயே செத்துக் கிடந்தன. வனவிலங்கு மருத்துவராக இதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது. செய்தி வெளியானதும் எழுகிற பேச்சு அதைவிட ஆத்திரமூட்டுகிறது: “படிக்காத ஜனங்க, வாயில்லா ஜீவன் மேல இரக்கமே இல்ல.”

இரக்கத்துக்கு என்ன குறை? விஷம் வைத்தவர் வீட்டில் இருந்ததே ஒரு கறவை மாடுதான். அதைச் சிறுத்தை அடித்ததும் பால் காசு நின்றுவிட்டது. மாட்டுக் கடனின் தவணை நிற்கவில்லை. நஷ்டஈடு உண்டே என்பார்கள். சான்றிதழ், புகைப்படம், கையெழுத்து என்று அலைகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. காடு பிழைத்தால் எல்லோருக்கும் நல்லது, சரி. அதற்கான செலவைக் காட்டோரத்து ஏழை மட்டும் ஏன் கட்ட வேண்டும்? விழிப்புணர்வு முகாம் நடத்தினால் மாடு திரும்பி வந்துவிடுமா?

காட்டால் வரும் வருமானத்தை ஊர் மக்களோடு பகிர வழியில்லாமல் இல்லை. நமீபியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், ஊர் மக்களே காப்பகம் அமைத்து வனவிலங்குச் சுற்றுலா வருமானத்தைப் பெற வழிசெய்தது. நேபாளத்தில் பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றுப்புற மக்களுக்கு ஒதுக்கலாம். ருவாண்டா 2017இல் கொரில்லா பார்க்கும் கட்டணத்தை 1,500 டாலராக்கியபோது ஊர்களின் பங்கை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியது. ஆனால் இப்படிப்பட்ட பணம் பெரும்பாலும் பள்ளிக்கூடமாக, சாலையாகத்தான் வரும். மாட்டை இழந்தவருக்குத் தனியாக, கையில் கிடைக்க வேண்டும்.

மாடு வளர்ப்பவர்களே, இரவில் கூரையும் கதவும் உள்ள தொழுவத்தில் கட்டுங்கள். வெறும் சுற்றுச்சுவரைச் சிறுத்தை தாண்டிவிடும். மாடு அடிபட்டால் இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். கழுத்தில் உள்ள பல் தடத்தையும் காலடித் தடத்தையும் படமெடுத்து உடனே வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். அழுகிய பிறகு கூப்பிட்டால் அடித்தது நாயா சிறுத்தையா என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. விஷம் மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். மருந்து கலந்த அதே கையால்தான் பிள்ளைக்கும் ஊட்டுவீர்கள்.

அதிகாரிகளே, நஷ்டஈட்டின் மொத்தத் தொகை தாமதமானாலும் ஒரு பகுதியையாவது அந்த வாரத்துக்குள் கொடுங்கள். மாட்டை இழந்தவர் அடுத்த மாட்டுக்கு வட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன் அந்தப் பணம் போய்ச் சேரட்டும்.