இரண்டு பவர் சப்ளை இருந்தும் சர்வர் ஏன் விழுகிறது?

மறுபடியும் அதே அழைப்பு. "சார், ரெண்டு பவர் சப்ளை இருக்கு, ஆனாலும் சர்வர் ஆஃப் ஆயிடுச்சு." போய்ப் பார்த்தால் இரண்டு கேபிளும், சர்வர்களை அடுக்கும் ரேக்கின் இடது பக்கத்து பிடியுவில், அதாவது மின்சாரத்தைப் பிரித்துத் தரும் சாக்கெட் பட்டையில், அடுத்தடுத்த சாக்கெட்டில், டை போட்டு அழகாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த பிடியுவின் பிரேக்கர் விழுந்தது, இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. வலது பக்கத்து பிடியுவோ ஒரு கேபிள்கூட இல்லாமல் தூசு படிந்து தொங்குகிறது.

தயவுசெய்து இதை ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள். இரண்டாவது பவர் சப்ளை, முதலாவது கெட்டுப்போனால் தாங்குவதற்கு. மின்சாரம் வரும் வழியே போனால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே கிளையில் இரண்டு கயிறு கட்டிவிட்டு ஊஞ்சல் பத்திரம் என்று சொல்வது போலத்தான் இது. ஒன்று ஏ பிடியுவுக்கு, மற்றது பி பிடியுவுக்கு. அந்த இரண்டும் தனித்தனி பிரேக்கர், முடிந்தால் தனித்தனி யுபிஎஸ். இரண்டு பிடியுவும் பின்னால் போய் ஒரே யுபிஎஸ்ஸில் சேர்வதையும் பார்த்திருக்கிறேன், கேபிள் நிறம் மட்டும் வேறு வேறு.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம், வாட்டைக் கூட்டுவது. 800 வாட் இரண்டு இருந்தால் 1600 வாட் கைவசம் என்று நினைத்து கார்டு மேல் கார்டாகச் செருகுகிறார்கள். சர்வர் 1000 வாட் இழுக்கும்போது ஆளுக்கு 500 எனப் பகிர்ந்து நன்றாகவே ஓடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஒன்று செத்த நொடியில் மொத்தமும் 800 வாட் பெட்டியின் தலையில் விழும். சில சர்வர்கள் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும், சில பேசாமல் அணைந்துவிடும். ரேக் அளவிலும் இதே கதைதான்: 16 ஆம்பியர் பிரேக்கரில் ஏ பக்கம் 10, பி பக்கம் 10 ஓடினால், ஏ போனதும் பி மேல் 20 வந்து அதுவும் விழும். ஒற்றை ஆளாக முழுச் சுமையையும் தாங்குமா என்று மட்டும் பாருங்கள், கூட்டல் கணக்கு வேண்டாம்.

சரி, கெட்டதை மாற்றும் இடத்துக்கு வருவோம். இங்கே அதிகம் நடப்பது, நல்லதைப் பிடுங்குவது. சர்வரின் நிலையைக் காட்டும் கன்சோல் திரையில் "பிஎஸ்யு 2" என்று, அதாவது இரண்டாவது பவர் சப்ளை என்று இருக்கும், பின்பக்கம் போய் நிற்பவர் இடமிருந்து எண்ணுவார், அந்த மாடலில் எண் வலமிருந்து தொடங்கும். அவ்வளவுதான், முடிந்தது. எண்ணை நம்பாமல் விளக்கைப் பாருங்கள். பச்சையாக எரிவதைத் தொடாதீர்கள், ஆம்பர் நிறத்தில் மின்னுவதோ அணைந்திருப்பதோதான் உங்களுடையது. சரியான சர்வர்தானா என்ற சந்தேகத்துக்கு லொக்கேட்டர் விளக்கை எரியவிட்டுப் பின்பக்கம் போங்கள், அது இருப்பதே அதற்குத்தான். பிறகு முதலில் கேபிள், அப்புறம் லேட்ச் (பூட்டிப் பிடிக்கும் கொக்கி), கைப்பிடியைப் பிடித்து நேராக இழுங்கள், அடியில் இன்னொரு கை. புதியது அதே பார்ட் நம்பர், அதே வாட். நிறைய மாடல்கள் வேறு வேறு வகையைக் கலந்து போட்டால் ஏற்காது. 'டக்' என்ற சத்தம் வரும்வரை தள்ளுங்கள். பாதியில் முட்டினால் முஷ்டியால் குத்தாமல், வெளியே எடுத்து பின்களைப் பாருங்கள்.

ஃபேன் விஷயத்தில் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: மாற்று கைக்கு வரும்வரை செத்த ஃபேனைக் கழற்றாதீர்கள். "எப்படியும் சுத்தல, எடுத்துட்டேன்" என்கிறார்கள். அது சுற்றாவிட்டாலும் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எடுத்துவிட்டால் மற்ற ஃபேன்கள் தள்ளும் காற்று அந்த ஓட்டை வழியாகவே திரும்பி வந்து உள்ளுக்குள் சுற்றும், சிபியுவின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க்குக்குப் போய்ச் சேராது. அறை 20 டிகிரியில் இருக்கும், சிபியு கொதிக்கும், ஏசி ஆளைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். காலி பவர் சப்ளை இடத்துக்கான மூடியைத் தூக்கி எறிவதும் இதே ரகம். சில நெட்வொர்க் ஸ்விட்ச்சுகள் ஃபேன் ட்ரே வெளியே இருந்தால் சில நிமிடங்களில் தாமாகவே அணைந்துவிடும், எனவே புதியதைப் பெட்டியிலிருந்து பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழையதில் கை வையுங்கள்.

ஸ்விட்ச் என்றால் காற்றுத் திசையையும் பாருங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு திசையிலும் ஃபேன் விற்கிறார்கள், உருவத்தில் வித்தியாசம் தெரியாது, கைப்பிடி நிறத்திலோ அம்புக்குறியிலோதான் தெரியும். பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபேனும் அதே திசையில் ஊத வேண்டும். சர்வர் என்றால் ஓடும்போதே ஃபேனை மாற்றலாமா என்பதை மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மெலிதான ஒரு-யு (ரேக்கில் ஒரே அடுக்கு உயரமுள்ள) சர்வர்கள் பலவற்றில் அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றியதும் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகில் ரிடண்டன்சி (ஒன்று போனாலும் மற்றது தாங்கும் நிலை) திரும்பியது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், பராமரிப்பு நேரத்தில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிச் சோதியுங்கள். கழற்றிய பவர் சப்ளையை ஸ்க்ரூ டிரைவரோடு அணுகும் ஆர்வலர்களுக்கு: உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில் கிட்டத்தட்ட 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம், கேபிளைக் கழற்றியதும் அது போய்விடாது. 'பழுது' என்று ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாமல் நல்லவற்றோடு அலமாரியில் வைத்தால், அடுத்த முறை அதையே எடுத்துச் செருகுவீர்கள்.