பறவைப் பெயர்களிலிருந்து வெளியேறும் மனிதர்கள்

டெக்சாஸ் புல்வெளியில் கொம்பு வானம்பாடிக் கூட்டம் ஒன்றைப் பார்த்துச் சுட்டார் ஜான் மெக்கவுன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. விழுந்தவற்றைப் பொறுக்கும்போது வானம்பாடி அல்லாத ஏதோ ஒரு குருவியும் கையில் வந்தது. அதை நியூயார்க்கில் இருந்த பறவையியலாளர் ஜார்ஜ் லாரன்சுக்கு அனுப்பினார். லாரன்ஸ் 1851இல் அதைப் புதிய இனமாக விவரித்து, அனுப்பியவரின் பெயரையே சூட்டினார். ‘மெக்கவுன்ஸ் லாங்ஸ்பர்’ பிறந்தது இப்படித்தான். அந்தக் காலத்தில் பறவைக்குப் பெயராக அமைய ஒருவர் பறவையியலாளராக இருக்க வேண்டியதில்லை. துப்பாக்கியும், மாதிரிகளை அனுப்பிவைக்க ஓர் அறிஞரின் தொடர்பும் இருந்தால் போதும்.

பத்தாண்டுகள் கழித்து உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையில் மெக்கவுன் ஜெனரல் ஆனார். இந்தப் பெயரை மாற்றச் சொல்லி 2018இல் ஒரு முன்மொழிவு போனபோது, பெயர் நிலைத்திருப்பதே முக்கியம் என்று அமெரிக்கப் பறவையியல் சங்கத்தின் பெயர்க்குழு அதை நிராகரித்தது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் இறந்தார். அதே நாளில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், நாயைக் கட்டிவைக்கச் சொன்ன கறுப்பினப் பறவை ஆர்வலர் தன்னை மிரட்டுவதாக ஒரு பெண் போலீசுக்குப் போன் செய்தார். பறவை நோக்குவோர் இதைத் தங்களுக்கே நேர்ந்ததாக எடுத்துக்கொண்டார்கள். பெயர்க்குழு தன் முடிவை மாற்றிக்கொள்ள, ஆகஸ்டில் அந்தக் குருவி ‘திக்-பில்ட் லாங்ஸ்பர்’ ஆனது, அதாவது தடித்த அலகு கொண்டது.

ஆனால் அதன் அறிவியல் பெயர் இன்றும் ரிங்கோஃபானெஸ் மெக்கவுனி. அது மாறவில்லை, இப்போதைக்கு மாறவும் மாறாது. பறவைப் பெயர்களை மாற்றுவது பற்றிய விவாதத்தைப் படிக்கும் பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

விலங்குகளின் லத்தீன் பெயர்களை ஆள்வது ஒரு சர்வதேச ஆணையத்தின் சட்டத்தொகுப்பு. ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலில் தொடங்கி, முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை. பெயர் பொருத்தமா, அழகா, பெயருக்கு உரியவர் நல்லவரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இந்த விதி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஸ்காட்ஸ் ஓரியோல் நல்ல சாட்சி. எலுமிச்சை மஞ்சளும் கறுப்புமாக, அமெரிக்கத் தென்மேற்கின் வறண்ட நிலங்களில் யக்கா செடிகளில் கூடு கட்டும் பறவை அது. டேரியஸ் கவுச் என்ற அதிகாரி அதற்குத் தன் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் பெயரை வைத்தார். 1838இல் செரோக்கி மக்களை அவர்களது நிலத்திலிருந்து விரட்டிய ராணுவ நடவடிக்கைக்குத் தலைமை தாங்கியவர் இந்த ஸ்காட். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். ஆனால் அதே 1838இல் போனபார்ட் என்ற பறவையியலாளர் இந்தப் பறவையை ஐக்டெரஸ் பாரிசோரம் என்று ஏற்கெனவே விவரித்திருந்தார். ஆகவே கவுச் வைத்த லத்தீன் பெயர் செல்லாமல் போய், ஸ்காட் ஆங்கிலப் பெயரில் மட்டும் தங்கினார். பாரிசோரம் என்பதும் மனிதர் பெயர்தான், பாரிஸ் என்ற சகோதரர்களுடையது.

ஆங்கிலப் பெயருக்கு இப்படிப்பட்ட உலகச் சட்டம் எதுவும் கிடையாது. வட அமெரிக்காவில் பறவையியல் சங்கத்தின் பெயர்க்குழு 1886 முதல் பட்டியல் வெளியிடுகிறது. கையேடுகளும் செயலிகளும் அதைப் பின்பற்றுவதால்தான் அதற்கு அதிகாரம். அந்தச் சங்கம் 2023 நவம்பரில் பெரிய முடிவு ஒன்றை எடுத்தது: தன் எல்லைக்குள் மனிதர் பெயர் தாங்கிய எல்லாப் பறவைகளுக்கும் ஆங்கிலப் பெயரை மாற்றுவது, முதலில் அமெரிக்கா, கனடாவில் உள்ள 70 முதல் 80 இனங்கள்.

எல்லாவற்றையும் ஏன்? அலெக்சாண்டர் வில்சன் தறி நெய்து பிழைத்த ஸ்காட்லாந்துக்காரர், அமெரிக்கப் பறவையியலுக்கு அடித்தளம் போட்டவர். அவர் பெயரையும் எடுப்பது நன்றிகெட்ட செயல் என்று அனுபவமுள்ள பலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் சங்கத்தின் வழியே சரி என்று நினைக்கிறேன். ஆள் ஆளாக விசாரித்தால் பெயர்க்குழு நீதிமன்றமாகிவிடும். பறவைகளுக்குப் பெயரான இயற்கையியலாளர்களில் டவுன்செண்ட் பூர்வகுடிகளின் கல்லறைகளிலிருந்து மண்டையோடுகளை எடுத்தார், ஆடுபன் அடிமைகளை வைத்திருந்தார். எது மன்னிக்கத்தக்கது என்று பறவையியலாளர்கள் எந்த அளவுகோலால் தீர்ப்பு சொல்வது?

நல்லவர், கெட்டவர் என்ற பேச்சில் இன்னொன்று மறைந்துவிடுகிறது. ஆண்களுக்கு வில்சன், கூப்பர், ஸ்டெல்லர் என்று குடும்பப் பெயர். பெண்களுக்கோ லூசி, கிரேஸ், வர்ஜீனியா என்று வீட்டில் கூப்பிடும் பெயர். லூசி, ஸ்பென்சர் பேர்ட் என்ற அறிஞரின் மகள். அவள் பெயரில் வார்ப்ளர் என்ற சிறு பறவை வந்தபோது சிறுமி. கிரேஸ், பறவையியலாளர் எலியட் கூஸின் தங்கை. வர்ஜீனியா, ஒரு ராணுவ மருத்துவரின் மனைவி. யார் வீட்டுப் பெண் என்பதே அவர்களுக்குக் கிடைத்த தகுதி.

மாற்றுப் பெயர் வைப்பதிலும் பள்ளங்கள் உண்டு. ரிங்-நெக்ட் வாத்தின் கழுத்து வளையம் செம்பழுப்பு நிறம், கறுப்புக் கழுத்தில் மங்கிக் கிடக்கும். கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். குளத்தில் நீந்தும்போது பளிச்சென்று தெரிவது அலகில் ஓடும் வெள்ளைப் பட்டை. மேசைமேல் கிடந்த செத்த வாத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. மெக்கவுன் குருவிக்கும் அலகைவிட வால்தான் அடையாளம்: பறக்கும்போது வெள்ளை வாலில் கறுப்பு ‘T’ தலைகீழாகத் தெரியும். குழு அதைப் பிடித்திருக்கலாம்.

பெயர் மாறினால் பழைய பதிவுகள் தொலைந்துவிடும் என்ற அச்சம் பெரிதும் தேவையற்றது. பறவைகளின் காலில் வளையமிடும் ஆய்வாளர்களின் நான்கெழுத்துக் குறி ஆங்கிலப் பெயரிலிருந்து வருவதால் அது மாறும், கொஞ்ச நாள் தொல்லைதான். ஆனால் அறிவியல் பெயர் அப்படியே இருப்பதால் 1950இன் குறிப்பேடும் இன்றைய தரவும் ஒரே பறவையைத்தான் சொல்கின்றன. இனங்கள் பிரிந்தும் சேர்ந்தும் ஆண்டுதோறும் பட்டியல் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

தாவரவியலாளர்கள் தங்கள் லத்தீன் பெயரிலேயே கை வைத்துவிட்டார்கள். 2024இல் மாட்ரிட் மாநாட்டில், ஆப்பிரிக்கர்களை இழிவுபடுத்தும் ‘காஃப்ரா’ என்ற அடைமொழியை ‘அஃப்ரா’ என்று மாற்ற வாக்களித்தார்கள். 200க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் அடங்கும். விலங்கியல் ஆணையம் இதற்கு இன்னும் இறங்கி வரவில்லை. கொடைக்கானல் சோலைகளில் கூவும் பழனிச் சிரிப்பானுக்கு ஆங்கிலத்திலும் மலையின் பெயர்தான். லத்தீனில் மட்டும் அது ஃபேர்பாங்கி: பழனி மலையில் அதைச் சேகரித்த ஃபேர்பாங்க் என்ற அமெரிக்கப் பாதிரியாரை நினைத்து இயற்கையியலாளர் பிளான்ஃபோர்ட் 1869இல் வைத்தது. முன்னுரிமை விதி இருக்கும்வரை அது அப்படியே இருக்கும்.