உருகிய பனியும் திருகோணமலை மணலும்

திருகோணமலைக் கரையை எந்தப் பனிப்பாறையும் தொட்டதில்லை. ஆனாலும் நிலாவெளி மணலும் கிண்ணியாச் சேறும் இன்று கிடக்கும் இடத்தில் கிடப்பதற்குப் பனியுகம் பெரிய காரணம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் கிலோமீற்றர் கணக்கான தடிப்பில் உறைந்து கிடந்ததெல்லாம் கடலிலிருந்து போன நீர். அதனால் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அப்போது காய்ந்த தரை.

கடல் இறங்கினால் ஆற்றின் சரிவு கூடும்; ஆறு தன் படுக்கையை வெட்டிக்கொண்டு கீழே போகும். மகாவலியின் கதை இன்னும் விசேஷமானது. அது கடலில் விழும் கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, வெளியே 3,000 மீற்றருக்கும் கூடிய ஆழத்துக்கு இறங்குகிறது. அதற்குள் சரிந்த மணலை எந்த அலையாலும் திருப்பிக் கரைக்குத் தர முடியாது.

பனி உருகியபோது கடல் ஒரே சீராக ஏறவில்லை. சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன், சில நூறு ஆண்டுகளுக்குள்ளேயே 15 மீற்றருக்கும் மேல் ஏறியது. அந்த வேகத்தில் கரையோர மணல்திட்டுகள் நின்ற இடத்திலேயே மூழ்கிவிடும். மெதுவாக ஏறும்போதுதான் அலை திட்டின் முகப்பு மணலை அள்ளி மேலால் பின்பக்கம் எறியும். திட்டு உருண்டு உருண்டு தரைப்பக்கம் நகரும். வெட்டப்பட்ட ஆற்றுப் பள்ளங்களுக்குள் கடல் புகுந்து, களப்புகள் உண்டாகி, சேறு படியும்.

இப்படி நிரம்பிய பள்ளம் ஒன்றில் துளை போட்டால் அடுக்குகள் வழமையாக ஒரு ஒழுங்கில் வரும்: அடியில் ஆற்றுச் சரளை, அதன்மேல் கண்டல் வேர் உக்கிய கறுப்பு மண், பிறகு சிப்பி கலந்த சாம்பல் களி, மேலே ஆற்று வண்டல். கதிரியக்கக் கரிமத்தை அளந்து அடுக்குகளின் காலம் கணிப்பதில்தான் பிழை நுழையும். கடல் நீரிலுள்ள கரிமம் ஏற்கனவே பழையது என்பதால் சிப்பி தன் வயதைவிட ஏறத்தாழ 400 ஆண்டு கூடுதலாகக் காட்டும். புயல் புரட்டிவந்த சிப்பியும் ஏமாற்றும். இரண்டு ஓடும் மூடியபடி கிடப்பதை எடுப்பது நல்லது. உக்கல் மண்ணோ பாரத்தில் அமுங்கி, பழைய கடல்மட்டத்தை உள்ளதைவிடத் தாழ்வாகக் காட்டும்.

சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஏற்றம் தளர்ந்தது. அதன்பின் இலங்கைக் கரைகளில் கடல் இன்றையதைவிட ஓரிரு மீற்றர் உயர்ந்து நின்று, பிறகு இறங்கியது. பனி அழுத்திய தரையைச் சுற்றிப் புடைத்திருந்த கடலடி, பாரம் நீங்கியதும் தாழ்ந்தது; அந்தப் பள்ளத்தை நிரப்ப வெப்பவலயக் கடலின் நீர் அங்கே போனது. கடல் இப்படிப் பின்வாங்கும்போது, அது கட்டிய மணல்மேடுகள் கரைக்குப் பின்னால் தங்கிவிடும்.

கரை ஓரிடத்தில் நிலைத்த பிறகுதான் அலைக்குத் தரம்பிரிக்க நேரம் கிடைக்கிறது. திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டையில் நடப்பது அதுதான். வாடைக்காற்றுக் காலத்து அலை, சுளகில் புடைப்பதுபோல, நீரைப்போல 2.65 மடங்கு அடர்த்தியுள்ள படிக (குவார்ட்ஸ்) மணலை இழுத்துப் போகும்; 4.7 மடங்கு அடர்த்தியுள்ள கறுப்புக் கனிமமான இல்மனைட், சிர்க்கன், ரூட்டைல் ஆகிய பாரமான கனிமங்களோடு பின்தங்கும். இல்மனைட் மணி சிறிதாக இருப்பதும் காரணம்: பெரிய படிக மணிகளுக்கு இடையில் அது ஒளிந்துகொள்ள, திரும்பும் நீர் துருத்தி நிற்பதைத்தான் முதலில் உருட்டும். ஒரு பிடி கறுப்பு மணலில் சாதாரண காந்தம் பெரிதாக வேலை செய்யாது. வலுவான நியோடைமியம் காந்தம் இல்மனைட்டைத் தூக்கும், சிர்க்கனை விட்டுவிடும்.

பழைய மணல்மேடுகளின் அருமை கிணற்றில் தெரியும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாரமான உப்புநீரின்மேல் மிதக்கிறது. தடித்த மணலில், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் நன்னீர் இருக்கலாம். அதே கணக்குத்தான் இறைக்கும்போதும்: நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் நிரந்தரமாகத் தாழ்ந்தால் உப்புநீர் 4 மீற்றர் மேலே வரும். அதனால் இந்த மணலில் ஆழமான ஒரு குழாய்க்கிணற்றை வேகமாக இறைப்பதைவிட, ஆழமில்லாத பல கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே சரி.