வெப்ப அலை மரணத்துக்கு ரூ.4 லட்சம்: யாருக்குக் கிடைக்கும், எங்கே சிக்குகிறது?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதன்படி, வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து ரூ.4 லட்சம் வழங்கப்படும். பாதிக்கப்பட்டோருக்கான மருத்துவ வசதி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றின் செலவையும் அதே நிதியிலிருந்து செய்யலாம்.

இதற்குத் தனி அறிவிப்பு தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. புயல், வெள்ளம், வறட்சி மட்டுமல்லாமல் குளிர் அலையும் இடம்பெற்றிருக்கும் மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் வெப்ப அலை அப்போது சேர்க்கப்பட்டிருக்கவில்லை. பட்டியலில் இல்லாத பேரிடர்களுக்கு ஒரு மாநிலம் இந்த நிதியில் 10 விழுக்காடு வரைதான் செலவிட முடியும். வெப்ப அலையை மத்தியப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையின் அடிப்படை இந்த உச்சவரம்புதான்.

நிவாரணம் பெறுவதில் பெரிய தடை, இறப்புக்குக் காரணம் வெப்பமே என்ற சான்று. தார்ச்சாலைப் பணியிலோ செங்கல் சூளையிலோ மயங்கி விழுந்தவர் இறந்தால், சான்றிதழில் பெரும்பாலும் ‘மாரடைப்பு’ என்றே எழுதப்படுகிறது. அந்த ஒரு சொல்லோடு உரிமை முடிந்துபோகிறது. எனவே, மருத்துவமனையில் சேர்க்கும்போதே, அவர் எந்த இடத்தில், எத்தனை மணி வரை வெயிலில் வேலை செய்தார் என்பதை மருத்துவரிடம் கூறி, உடல் வெப்பநிலையையும் சேர்த்துக் குறிப்பேட்டில் பதியச் சொல்வது அவசியம். இறப்பு நேர்ந்தால் உடற்கூறாய்வைத் தவிர்க்கக் கூடாது. கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தாமதமின்றி எழுத்துமூலம் தெரிவித்து, வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். துக்க வீட்டில் இதையெல்லாம் செய்யச் சொல்வது கொடுமைதான். ஆனால் பின்னால் திரட்ட முடியாத ஆவணங்கள் இவை.

வரையறையிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. சமவெளியில் 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் 37 டிகிரி எட்டுவதோடு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வானிலை ஆய்வு மையம் அதைப் பொதுவாக வெப்ப அலை என்கிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ புழுக்கத்தில் வியர்வை காயாமல் உடல் கொதிக்கும் நாள், இந்தக் கணக்கில் வராமலே போகலாம். காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலே கடலோரத்துக்குப் பொருந்தும்.

இவற்றையெல்லாம் சரிசெய்தாலும், இத்திட்டத்தின் பெருந்தொகை இறப்புக்குப் பிறகே வருகிறது என்ற குறை மிஞ்சும். மதியம் 12 முதல் 3 மணி வரை வெயிலில் நிற்காதீர்கள் என்ற அறிவுரை ஆண்டுதோறும் வருகிறது. அந்த நேரக் கூலியை யார் தருவது என்பது அதில் இருப்பதில்லை. வேலையற்ற நாளுக்கு உதவித்தொகை தருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல: மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு ரூ.8,000, உற்பத்தி நிற்கும் மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு ரூ.5,000 என ஏற்கெனவே வழங்கப்படுகிறது. அதே முறையைக் கடும் வெப்ப நாள்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே என் கருத்து. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நல வாரியப் பதிவும், கட்டடச் செலவில் 1 விழுக்காடாக வசூலாகும் நிதியும் இருப்பதால், முதலில் அவர்களிடமிருந்து தொடங்கலாம். விவசாயக் கூலிகளுக்கு அப்படியொரு தனி வசூல் இல்லை. அவர்களுக்கான தொகையை அரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டியிருக்கும்.